பீடமா, இருக்கையா? அமர்வதற்காகச் செதுக்கப்பட்ட கற்களின் வரலாறு

(சற்று நீண்ட பதிவு. கலை வரலாறு, நகரமைப்பு, மொழியியல் ஆகிய துறைகளில் பயிலும் நண்பர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

2024 ஜூலையில் புது தில்லியில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுக் குழுவின் 46ஆவது அமர்வு, ருமேனியாவின் தர்கு ஜியு என்னும் நகரிலுள்ள ஒரு சிற்பத் தொகுதியைத் தன் பட்டியலில் சேர்த்தது. அசாமின் மொய்தாம்கள் அதே அமர்வில் ஏற்கப்பட்டமையால் நம் நாளேடுகளின் கவனம் இயல்பாகவே அவற்றின்மீது சென்றது. தர்கு ஜியு தொகுதியின் ஒரு முனையில், ஆற்றங்கரைப் பூங்காவில், வட்டமான ஒரு கல்மேசையும் அதைச் சுற்றிப் பன்னிரண்டு கல்லிருக்கைகளும் உள்ளன. பழைய ஒளிப்படங்களில் மக்கள் அவற்றின்மேல் அமர்ந்திருப்பதைக் காணலாம். இன்று அவற்றில் அமர அனுமதி இல்லை.

அமர முடியாத இருக்கை எதன் பெயரால் இருக்கை எனப்படுகிறது? இக்கேள்வியைப் பின்தொடர்ந்தால் இருபதாம் நூற்றாண்டுப் பொதுவெளிச் சிற்பத்தின் ஒரு முக்கியமான இழை கைக்கு வருகிறது. சதுரமும் வட்டமும் கோளமுமாக அமைந்த ஒரு கல் சிற்பமாவதும் இருக்கையாவதும் அதன் வடிவத்தால் மட்டும் முடிவாவதில்லை. அதனருகே யார் வரலாம், எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதை வகுக்கும் அதிகாரமே அதனை முடிவு செய்கிறது. இப்பதிவின் வாதம் இதுவே.

முதலில் சொற்களைக் காண்போம். அந்தச் சிற்பத்தின் ருமேனியப் பெயருக்கு 'மௌனத்தின் மேசை' என்பது பொருள். மேசையைக் குறிக்கும் ருமேனியச் சொல் 'மாசா'. நம் 'மேசை'க்கு அது தூரத்து உறவு: இலத்தீனின் 'மென்சா' ருமேனியத்தில் 'மாசா'வாகவும் போர்ச்சுக்கீசியத்தில் 'மேசா'வாகவும் வழங்கியது, போர்ச்சுக்கீசியர் வழியே தமிழுக்கு வந்தது 'மேசை'. ஆகவே மேசையை மொழிபெயர்ப்பதில் இடர்ப்பாடு இல்லை. இடர்ப்பாடு அதைச் சுற்றியுள்ளவற்றில்தான். நாற்காலி என்றால் நான்கு கால்கள் வேண்டும், முக்காலிக்கு மூன்று. இக்கற்களுக்குக் கால்களே இல்லை. குவிந்த பக்கங்கள் ஒன்றையொன்று தொடுமாறு வைக்கப்பட்ட இரு அரைக்கோளங்களே ஒவ்வோர் இருக்கையும். பக்கவாட்டில் நோக்கினால் உடுக்கையின் வடிவம்.

காலில்லாத இருக்கைக்குத் தமிழில் எஞ்சியிருக்கும் சொல் 'பீடம்'. வடமொழியிலிருந்து வந்த இச்சொல், சிலை நிற்கும் அடித்தளத்தையும் ஒருவர் அமரும் இடத்தையும் வேறுபாடின்றிக் குறிக்கிறது. இறைவடிவம் பத்மபீடத்தின்மேல் நிற்கவும் செய்யும், அமரவும் செய்யும். மடத்தின் தலைவர் பீடாதிபதி. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் கலைப்பீடமும் விஞ்ஞானபீடமும் உண்டு. ஆங்கிலத்திலோ சிலையின் அடித்தளத்திற்கு ஒரு சொல், மனிதரின் இருக்கைக்கு வேறொரு சொல். ஐரோப்பியக் கலை வரலாறும் நெடுங்காலம் இவ்விரண்டையும் தனித்தனியாகவே வைத்திருந்தது. அந்தப் பிரிவினை எவ்வாறு தளர்ந்தது என்பதே இங்கு நாம் பார்க்கப்போகும் வரலாறு.

1916 ஆகஸ்டில் ருமேனியா முதல் உலகப் போரில் இறங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் தர்கு ஜியு நகரை நோக்கி வந்த ஜெர்மன் படைப்பிரிவை, ஜியு ஆற்றின் பாலத்தருகே அந்நகரத்துப் பொதுமக்கள் எதிர்கொண்டனர்; முதியோரும் பெண்களும் சிறுவரும் அவர்களுள் அடங்குவர். அந்நிகழ்வுக்கும் அப்போரில் மாண்டோர்க்கும் நினைவுச்சின்னம் எழுப்பும் பொறுப்பை 1930களில் கோர்ஜ் மாவட்டப் பெண்களின் அமைப்பொன்று ஏற்றது. அதன் தலைவி அரேத்தியா தத்தரெஸ்கு, அன்றைய பிரதமரின் மனைவி. முதலில் அணுகப்பட்ட சிற்பி மிலிட்சா பெத்ரஷ்கு, தம் ஆசிரியரான கான்ஸ்டன்டின் பிரான்குசியைப் பரிந்துரைத்தார். 1876இல் அதே மாவட்டத்தின் ஹோபிட்சா என்னும் சிற்றூரில் பிறந்து, பாரிசில் புகழுடன் வாழ்ந்துகொண்டிருந்த பிரான்குசி அப்பணியை ஊதியம் பெறாமல் ஏற்றுக்கொண்டார்.

அவர் உருவாக்கியது ஒற்றைச் சிலையன்று, ஒரு நடைபாதை. ஆற்றங்கரையில் மௌனத்தின் மேசை. அங்கிருந்து செல்லும் பூங்காப் பாதையின் இருமருங்கிலும் மும்மூன்றாக முப்பது சதுர இருக்கைகள். பாதையின் முடிவில் 'முத்தத்தின் வாயில்'. அதனருகிலும் கல் விசுப்பலகைகள் உண்டு. பின்னர், வீரர்களின் பெயரால் அமைந்த தெரு, ஒரு தேவாலயம், இறுதியில் வார்ப்பிரும்பாலான 'முடிவற்ற தூண்'. தூணின் உயரம் 29 மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான கோட்டில் நகரின் ஊடே இவை அமைந்துள்ளன. 1937 நவம்பரில் தூண் நிறுத்தப்பட்டது; 1938 அக்டோபர் 27 அன்று தொகுதி முழுவதும் திறக்கப்பட்டது.

போர் நினைவுச்சின்னங்களின் மரபை அறிந்தோர்க்கு இங்கே இல்லாதவை உடனே புலப்படும். குதிரைமேல் தளபதி இல்லை. துப்பாக்கி ஏந்திய வீரன் இல்லை. இறந்தோர் பெயர்ப் பட்டியல் பொறித்த உயர்ந்த மேடை இல்லை. பன்னிரண்டு இருக்கைகள் திருத்தூதர்களைக் குறிப்பன என்றும், போருக்குப் புறப்படுவோரின் கடைசி உணவைக் குறிப்பன என்றும், மாதங்களைக் குறிப்பன என்றும் பல விளக்கங்கள் உள. இவற்றுள் எதை ஏற்றாலும், நடுவே உருவம் இல்லாமை எஞ்சுகிறது. மேசைக்கும் இருக்கைகளுக்கும் இடையே, கையை நீட்டி உணவெடுக்க இயலாத தொலைவு. இருக்கைகளுக்குச் சாய்மானம் இல்லை, கைதாங்கி இல்லை, எத்திசை நோக்கியும் அமரலாம். வீரனின் உருவம் நிற்க வேண்டிய பீடம் தாழ்ந்து, வெறுமையாகி, பிழைத்திருப்போர் அமரக் காத்திருக்கிறது. நினைவுகூரும் உடல் அங்கே சிற்பத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இதே மாதங்களில் பிரான்குசி இந்தியாவுக்கும் வந்தார் என்பது நம்மவர் பலர் கவனிக்காத செய்தி. இந்தூர் அரசர் இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கர் அவருடைய 'வெளியில் பறவை' சிற்பத்தின் மூன்று வடிவங்களை (கரும்பளிங்கு ஒன்று, வெண்பளிங்கு ஒன்று, வெண்கலம் ஒன்று) வாங்கியிருந்தார். அவற்றை வைத்து இந்தூரில் ஒரு தியானக் கோயில் எழுப்பத் திட்டமிடப்பட்டது. அதற்காகவே தூண் நிறுத்தப்பட்ட சில வாரங்களில் சிற்பி பயணப்பட்டார். 1938 தொடக்கத்தில் இந்தூரில் தங்கினார். அக்கோயில் எழவேயில்லை. பளிங்குப் பறவைகள் இரண்டும் இன்று ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ளன. அரசரொருவரின் தனிமைக்கென எண்ணிய இடம் காகிதத்தோடு நின்றது. ஒரு சிறுநகரத்து மக்கள் கூடி அமர்வதற்கென எண்ணிய இடம் கல்லானது.

பிரான்குசியின் கலையில் பீடத்திற்குத் தனி இடமுண்டு. சிலையைச் செதுக்கிவிட்டு அடித்தளத்தைக் கொத்தர்களிடம் விடும் வழக்கத்தை அவர் கைவிட்டார். கருங்காலி, ஓக் மரம், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைக் கனசதுரமாகவும் உருளையாகவும் சிலுவையாகவும் தாமே செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். முடிவற்ற தூணின் அடிப்படை அலகேகூடத் தொடக்கத்தில் பீடமாகப் பயன்பட்டதுதான். பாரிஸ் பட்டறையில் விருந்தினர் அமர்ந்த இருக்கைகளும் அவர் கைவேலையே. அங்கே எது கலைப்பொருள், எது வீட்டுப்பொருள் என்று கோடு கிழிப்பது எளிதன்று.

இந்த நுட்பத்தை மிகத் தெளிவாகக் கண்டுகொண்டவர் அமெரிக்கச் சிற்பி ஸ்காட் பர்ட்டன் (1939–1989). கலை விமர்சகராகத் தொடங்கியவர். 1970களில் அவர் நிகழ்த்திய மேடைக் காட்சிகளில் நடிகர்கள் உரையாடலின்றி, மிக மெதுவாக, நாற்காலிகளுக்கிடையே நிற்பதும் அமர்வதும் ஒருவரையொருவர் நெருங்குவதும் விலகுவதுமாக இருந்தனர். ஓர் இருக்கை உடலை எப்படி வளைக்கிறது, அருகில் அமர்பவருடன் எத்தகைய உறவை அனுமதிக்கிறது என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். தன்பாலீர்ப்பாளரான அவருக்கு, பொதுவெளியில் ஓர் உடல் எவ்வாறு பார்க்கப்படுகிறது என்பது ஏட்டளவிலான வினாவாக இருந்திருக்க முடியாது.

1975இல் அவர் ஒரு சாதாரண வீட்டு நாற்காலியை வெண்கலத்தில் வார்த்து நியூயார்க்கின் தெருவொன்றில் வைத்தார். பின்னர் 1980களில் அவருடைய 'பாறை நாற்காலிகள்' வந்தன. பெரும் பாறையொன்றில் இரண்டே வெட்டுகள்: கிடையாக ஒன்று, அதற்குச் செங்குத்தாக மற்றொன்று. முன்னது அமரும் தளம், பின்னது சாய்மானம். மற்றப் பக்கங்கள் பாறையாகவே விடப்பட்டன. வடிவியலின் இரு தளங்கள் சந்திக்குமிடத்தில் ஒரு மனித உடலுக்கு இடம் கிடைத்தது. வழிப்போக்கர் அதனைக் கலையென்று அறியாமலேயே அமர்ந்து எழுந்து செல்லலாம் என்பதில் அவருக்கு மனக்குறை இல்லை. அதுவே அவர் வேண்டியது.

பர்ட்டனின் காலத்து நியூயார்க்கில் இருக்கை ஒரு சட்டப் பிரச்சினையாகவும் இருந்தது. 1961ஆம் ஆண்டு நகரமைப்பு விதிகள், கட்டடத்தின் முன்னே திறந்தவெளி விடும் உரிமையாளர்களுக்குக் கூடுதல் தளப்பரப்பைப் பரிசாக அளித்தன. விளைவாகப் பல முற்றங்கள் தோன்றின; அவற்றுள் பலவற்றில் அமர ஓர் இடமும் இல்லை. சமூகவியலாளர் வில்லியம் எச். வைட் தம் குழுவினருடன் அம்முற்றங்களைப் பல ஆண்டுகள் படம் பிடித்து ஆராய்ந்தார். மக்கள் கூடுவதற்கும் கூடாமைக்கும் சிறந்த காரணம் கட்டட அழகோ வெயிலோ அன்று, அமரும் இடத்தின் அளவே என்பது அவர் கண்டது. 1975இல் விதிகள் திருத்தப்பட்டன: முற்றத்தின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓர் அடி நீள இருக்கை கட்டாயமாயிற்று. வைட்டின் நூல் 1980இல் வெளிவந்தது.

அதற்கு அடுத்த ஆண்டே மன்ஹாட்டனின் கூட்டரசு அலுவலக முற்றத்தில் ரிச்சர்ட் செர்ராவின் 'சாய்ந்த வில்' நிறுவப்பட்டது. 120 அடி நீளம், 12 அடி உயரம், துருவேறிய எஃகுத் தகடு. முற்றத்தைக் குறுக்கே மறித்து, கடந்து செல்பவரைத் தன் இருப்பை உணர வைப்பது அதன் நோக்கம். அங்குப் பணிபுரிந்தோர் பலர், தமக்கு உட்காரவும் இளைப்பாறவும் இருந்த இடம் பறிபோனதாக முறையிட்டனர். 1985 மார்ச்சில் பொது விசாரணை நடந்தது. பேசிய 180 பேருள் 122 பேர் சிற்பத்தை வைத்திருக்க வேண்டும் என்றனர். 58 பேர் அகற்றக் கோரினர். ஆயினும் 1989 மார்ச் 15 இரவில் அது வெட்டி அகற்றப்பட்டது. இடத்தை மாற்றினால் தன் படைப்பு அழிந்துவிடும் என்ற செர்ராவின் வாதம் நியாயமற்றதன்று. அரசு நிறுவனமொன்று தான் பணித்த கலைப்படைப்பைத் தானே அழிப்பது அச்சமூட்டும் முன்னுதாரணம் என்றோர் கவலையும் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் நண்பகல் உணவுப் பொட்டலத்துடன் வந்து அமர இடம் தேடிய அலுவலக ஊழியரின் கோரிக்கையை ரசனைக் குறைவு என்று மட்டும் வகைப்படுத்தியது, அன்றைய கலையுலகின் பார்வைக் குறைபாடு. 1997இல் அம்முற்றத்தில் மார்த்தா ஷ்வார்ட்ஸ் வடிவமைத்த, சுருண்டு நெளியும் பச்சை விசுப்பலகைகள் வந்தன. காலப்போக்கில் அவையும் அகற்றப்பட்டன.

'சாய்ந்த வில்' வீழ்ந்த அதே 1989இல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பர்ட்டன் தொகுத்த ஒரு கண்காட்சி நடந்தது. பொருள், பிரான்குசி. பீடங்கள் சிலவற்றை அவற்றின்மேல் நிற்க வேண்டிய சிலைகளின்றித் தனிப் படைப்புகளாகவே அவர் அதில் முன்வைத்தார். பிரான்குசியின் பீடங்கள் மேசைகளும்கூட. பயன்படும் பொருளாகவும் பயனைச் சித்திரிக்கும் பொருளாகவும் அவை ஒரே வேளையில் நிற்கின்றன என்பது அவர் வாதம். பத்மபீடத்தையும் கலைப்பீடத்தையும் ஒரே சொல்லால் வழங்கும் நமக்கு அது புதிதாகத் தோன்றாமற் போகலாம். மேலைக் கலை வரலாற்றில் அது ஒரு திருப்பம். அவ்வாண்டின் இறுதியில், டிசம்பர் 29 அன்று, எய்ட்ஸ் நோயால் பர்ட்டன் இறந்தார். அகவை ஐம்பது.

அவருடைய வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. அவர் படைப்புகள் பல பெருநிறுவனக் கட்டடங்களின் முகப்பில் அமைந்தன. 1986இல் மன்ஹாட்டனின் காப்பீட்டு நிறுவனமொன்றின் கூடத்தில் அவர் நிறுவிய அரைவட்டப் பச்சைப் பளிங்கு இருக்கையில் யாரும் வந்து அமரலாம். ஆனால் அந்த 'யாரும்' என்பதன் எல்லையை வரைவது கட்டட உரிமையாளரே. 2020இல் அக்கட்டடம் புதுப்பிக்கப்பட்டபோது அப்படைப்பு பிரித்தெடுக்கப்பட்டது. பொதுமக்களுக்கென அளிக்கப்பட்ட இருக்கை பொதுச்சொத்தாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

இனி, வடிவியலின் மறுபக்கம். 2012இல் இலண்டனின் கேம்டன் நகராட்சிக்காக ஒரு கான்கிரீட் விசுப்பலகை உருவாக்கப்பட்டது. பல கோணங்களில் சரிந்த தளங்கள், கூர்விளிம்புகளற்ற முகடுகள், ஓரிடத்திலும் இடுக்கில்லாத உடல். ஒளிப்படத்தில் பார்ப்போர் அதை நவீனச் சிற்பம் என்றே கொள்வர். அதன் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு காரணம் உண்டு: படுக்க முடியாது, சறுக்குப்பலகை ஓட்ட முடியாது, போதைப்பொருள் ஒளிக்க இடுக்கில்லை, மேற்பூச்சில் வண்ணம் ஒட்டாது. சிறிது நேரம் அமரலாம், அவ்வளவே. வீடற்றவரை விலக்குவதற்கு அறிவிப்புப் பலகையோ காவலரோ தேவையில்லை. கல்லின் கோணமே போதும்.

அதற்குப் பத்தாண்டு முன்பே வியன்னாவின் அருங்காட்சியக வளாக முற்றத்தில் கோண வடிவிலான பெரிய இருக்கைகள் வந்திருந்தன. 'என்சி' எனப் பெயர்பெற்ற இவற்றின் சரிவுகள் சாய்ந்து கிடக்கவும் படுத்துறங்கவும் ஏற்றவை. நகர மக்கள் அவற்றைத் தம் வரவேற்பறையாகவே ஆக்கிக்கொண்டனர். கேம்டனும் வியன்னாவும் பயன்படுத்தியது ஒரே வடிவியல் இலக்கணத்தை. ஒரே எழுத்துகளால் 'வருக' என்றும் எழுதலாம், விலக்கியும் எழுதலாம் என்பது போல.

இருக்கையை மக்களிடமிருந்து பறிக்கும் மூன்றாவது வழி, மதிப்பளித்தல். தர்கு ஜியுவில் நடந்தது அது. போரிலிருந்தும் ஆட்சி மாற்றங்களிலிருந்தும் தப்பிய கற்களைத் தேய்மானத்திலிருந்து காக்க வேண்டிய கடமை உண்மையானது, சுண்ணாம்புக்கல் மென்மையானது, ஆண்டுதோறும் வரும் பயணிகளின் எடையை அது முடிவின்றித் தாங்காது. ஆயினும் விளைவு என்ன? பிரான்குசி தாழ்த்திய பீடம் மீண்டும் உயர்ந்துவிட்டது. முன்பு அதன்மேல் வீரனின் சிலை; இப்போது அதன்மேல் பிரான்குசியின் புகழ்.

நம் நாட்டிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. சண்டிகரில் லெ கொர்புசியேயின் 'திறந்த கை' நினைவுச்சின்னம், அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1985இல் எழுந்தது. 26 மீட்டர் உயரச் சின்னம் அனைவர் கண்ணிலும் படுகிறது. ஆனால் அதன் அடியில் தரைமட்டத்திற்குக் கீழே படிகளுடன் ஒரு முற்றம் இருப்பதைப் பலர் அறியார். குடிமக்கள் வந்தமர்ந்து பொதுக் காரியங்களை விவாதிக்க வேண்டும் என்பதற்காகக் கருதப்பட்ட இடம் அது. சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் தலைமைச் செயலகமும் அமைந்த வளாகமாதலால், பாதுகாப்புக் கருதி நெடுங்காலம் அங்கே மக்கள் இயல்பாகச் சென்றுவர முடியவில்லை. 2016இல் அவ்வளாகமும் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கை திறந்திருக்கிறது, அமரும் படிகளுக்கோ அனுமதி வேண்டியிருக்கிறது.

மொழியியல் மாணவனாக ஒரு குறிப்புடன் முடிக்கிறேன். தமிழில் 'இரு' என்னும் வினையடி உளதாதல், தங்குதல், அமர்தல் ஆகிய மூன்றையும் குறிக்கும். மலையாளத்தின் 'இரிக்குக' இன்றும் அமர்தலைக் குறிக்கிறது. இது நம் மொழிகளுக்கு மட்டும் உரிய போக்கன்று: 'மேசை'யைத் தந்த போர்ச்சுக்கீசியத்தில் 'இருத்தல்' என்பதைக் குறிக்கும் 'செர்' என்னும் வினை, இலத்தீனில் அமர்தலைக் குறித்த 'செதேரெ' என்னும் வினையைத் தன்னுள் கொண்டுள்ளது. ஓரிடத்தில் அமர்வதும் அங்கே உள்ளவராக ஏற்கப்படுவதும் நெருங்கியவை என்பதை மொழிகள் தனித்தனியே பதிவு செய்துள்ளன. 'இருக்கை' என்னும் சொல்லில் அந்த உரிமை அடங்கியிருக்கிறது; 'பீடம்' என்னும் சொல்லில் அதை உயர்த்தி எட்டாமல் ஆக்கிவிடும் ஆபத்தும் அடங்கியிருக்கிறது.

எனவே பொதுவெளிச் சிற்பங்களை ஆராயும் நண்பர்கள், சிற்பியின் பெயர், கல்லின் வகை, திறப்பு விழா நாள் ஆகியவற்றோடு வேறு சில விவரங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். நிலம் யாருடையது? எந்நேரம் முதல் எந்நேரம் வரை அங்கே அமரலாம்? படுத்தால் எழுப்புவார்களா? காவலர் யாரிடம் கேள்வி கேட்கிறார், யாரைக் கேளாமல் விடுகிறார்? பயணக் கையேடுகளும் அருங்காட்சியகப் பட்டியல்களும் இவற்றைப் பதிவு செய்வதில்லை. உங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள கல்லிருக்கை ஒன்றிலிருந்தே அந்தப் பதிவைத் தொடங்கலாம்.